அசல் சூட்டுப்பெட்டிகள்

நவம்பர் மாதத்தில் காலுக்குக் கொஞ்சம் சூடு வேண்டும் என்று ஒருவர் கேட்பது பேராசை ஆகாது. நான் அதை எப்போதும் ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறேன். சங்கத்தில் யாராவது உங்களிடம் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்லியிருந்தால், ஆய்வாளர் அவர்களே, அவர் என்னிடம் மதிப்பெண் குறைவாக வாங்கியவராக இருப்பார்.

என் பெயர் ரைன்ஹோல்ட் ஷ்லோட்டர்பெக். வயது எழுபத்தொன்று. எஸ்லிங்கனில் பிறந்தேன், எஸ்லிங்கனில் வேலை பார்த்தேன், எஸ்லிங்கனிலேயே ஓய்வு பெற்றேன். அளவுக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டுகள். மனைவி பிரிந்து போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் இந்த வழக்குக்கும் தொடர்பில்லை. அவளுக்கு எண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. காற்றால் குளிரும் பழைய வண்டிகளுக்கான நெக்கார் பள்ளத்தாக்குக் காற்று நண்பர்கள் சங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நான்தான் அசல்தன்மை நடுவர். ஒரு வண்டியில் எது தொழிற்சாலையில் பூட்டியது, எது பிறகு வந்து சேர்ந்தது என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு.

நீங்கள் இளையவர். வாசலில் மின்சார வண்டி நிறுத்தியிருக்கிறீர்கள், பார்த்தேன். ஆகவே வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் 'வண்டி' என்று அழுத்திச் சொன்னால் அது ஒன்றுதான். தவளை முகம், சரிந்து இறங்கும் முதுகு, பின் அச்சுக்கும் பின்னால் படுத்துக் கிடக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லை. ஒரு விசிறி, அவ்வளவுதான்.

எஞ்சின் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. இதை அந்த வண்டியின் காதலர்களும் மறுப்பதில்லை. வளைவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். வேறு ஊர்க்காரர்கள் எஞ்சினை நகர்த்தியிருப்பார்கள். நாங்கள் இந்தப் பக்கத்து ஸ்வேபியர்கள், ஒருமுறை வைத்ததை எடுத்து வேறிடத்தில் வைத்தால், முதலில் வைத்த உழைப்பு வீண் என்றாகிவிடும். ஆகவே முன் பம்பருக்குள் இரும்புக் கட்டியை வைத்துப் பார்த்தார்கள். அடுத்து பின் சக்கரங்களை ஐந்தே முக்கால் சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். எஞ்சினை இரண்டு லிட்டரிலிருந்து ஆண்டுக்கு ஒரு கரண்டியாகப் பெருக்கினார்கள். வேகத்தில் காற்று தூக்குகிறது என்று பின்னால் வாத்து வால் போல ஒரு தகடு ஒட்டினார்கள். அமெரிக்கர்கள் இடித்துக்கொள்வார்கள் என்று தடித்த பம்பர் போட்டார்கள். துருப்பிடிக்காத தகடு வந்தது, இன்னும் பெரிய வால் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே தவறைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். உலகம் அதைப் பரிணாமம் என்றது. கடைசியில், தொண்ணூறுகளின் முடிவில், எஞ்சினுக்குள் தண்ணீரை விட்டார்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அப்போதைய தலைவர் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தார்.

அப்படி என்ன இருக்கிறது அதில் என்று கேட்கிறீர்கள். நல்ல வண்டி, ஓட்டுபவரை மறந்துவிடும். இது மறக்காது. உன்னைக் கொல்ல என்னால் முடியும் என்று வழியெல்லாம் நினைவூட்டிவிட்டு, கொல்லாமல் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும். இதை வாங்கும் பல் மருத்துவர்கள் மீதும் வங்கி மேலாளர்கள் மீதும் வேறு எவரும் இத்தனை கவனம் செலுத்துவதில்லை. அப்புறம் சத்தம்: தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல. வாங்காதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்புறம் வாசனை. தண்ணீர் இல்லாததால் வெந்நீரில் சூடு எடுக்க வழியில்லை. ஆகவே எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாய்க்கு ஒரு தகரச் சட்டை மாட்டி, குழாய்க்கும் சட்டைக்கும் நடுவே காற்றை ஊதி, அந்தக் காற்றை உங்கள் காலடிக்கு அனுப்புகிறார்கள். இதைச் சூட்டுப்பெட்டி என்போம். வண்டிக்கு இரண்டு, வலது ஒன்று இடது ஒன்று. உள்ளே இருக்கும் குழாய் முழுதாக இருக்கும்வரை வருவது சுத்தமான சூடு. சற்று எண்ணெய் வாசனை கலந்திருக்கும். எங்கள் சங்கத்தில் அதை மது போல முகர்ந்து பேசுவார்கள். டாக்டர் ஐசெலே, இப்போதைய தலைவர், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, முதலில் தூசு, பிறகு எண்ணெய், நாக்கின் பின்னால் மெலிதாகத் தார் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் குறித்துக்கொண்டேன். பிறகு அவர் மனைவியின் வற்புறுத்தலால் தண்ணீர் எஞ்சின் வண்டி வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அவரைக் கண்டால் யாராவது ஒருவர், "என்ன டாக்டர், ரேடியேட்டர்ல மீன் வளர்க்கிறீங்களா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

சங்கத்தில் நான் வைத்திருக்கும் வகுப்புகளில் உச்சத்தில் இருப்பது 'தொடாதவை'. தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கும் வண்டிகளுக்கு மட்டும். டயர், எண்ணெய் போன்ற தேய்மானப் பொருள் தவிர ஒரு பாகம்கூட மாறியிருக்கக் கூடாது. அந்த வகுப்பில் ஒரே ஒரு வண்டி இருந்தது. 1967இல் வந்த சாம்பல் நிற வண்டி. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அதன் சூட்டுப்பெட்டிகளில் 1966 டிசம்பர் முத்திரை இருக்கிறது. அந்த மாதத்து ஜோடி ஒன்று இன்னும் வண்டியிலேயே இருப்பதாக வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. இதைப் பார்க்கவே டென்மார்க்கிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி வந்து, மழையில் முதுகைத் தரையில் வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிப் போனார்.

வண்டியின் உரிமையாளர் வால்புர்கா ராப். அவர்தான் இப்போது இல்லை.

அவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வண்டி அப்பா வழியாக வந்தது. மற்ற உறுப்பினர்கள் அக்டோபரில் வண்டியைத் துடைத்து, போர்த்தி, சக்கரங்களைக் கட்டை மேல் ஏற்றி, ஏப்ரல் வரை பிரிவுத் துயரில் இருப்பார்கள். வால்புர்கா பனியில் ஓட்டினார். பின்னிருக்கையில் உருளைக்கிழங்கு மூட்டை வைத்து ஓட்டினார். உப்புத் தூவிய சாலையில் இதை ஓட்டலாமா என்று டாக்டர் ஐசெலே உண்மையான வலியோடு கேட்டபோது, "எங்கப்பா வாங்கினது ரோட்டுல ஓட்டத்தான், டாக்டர். கோயில்ல வைக்கவா?" என்றார். காது குடையும் பஞ்சுக் குச்சியால் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், அந்தப் பக்கத்துக் காதையும் துடையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதும் அவர்தான். அவரை யாரும் வெறுக்கவில்லை. நானும் வெறுக்கவில்லை. இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போன வசந்தத்தில் வருடாந்திர மதிப்பீட்டுக்காக வண்டிக்கு அடியில் படுத்தேன். சிறு கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கச் சூட்டுப்பெட்டிக்குள் குழாயில் ஒரு பயறு அளவு துளை. இடப்பக்கத்தில் இரண்டு, சற்றுப் பெரியவை. ஐம்பத்தேழு வயதில் நமக்கும் எங்காவது துளை விழுந்திருக்கும். படிவத்தில், குறிப்புகள் என்ற இடத்தில், 'வயதுக்கேற்ற தோற்றம்' என்று எழுதினேன். அது பொய்யில்லை. அவரிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

அக்டோபரில் குளிர் தொடங்கியதும் அவருக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. சூட்டைத் திறந்துகொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் நெற்றியைக் கயிற்றால் கட்டியதுபோல் இருப்பதாகவும், இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போய்விடுவதாகவும் சொன்னார். சங்கத்தில் ஆளுக்கொரு மருத்துவம் சொன்னார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னார். ஒருவர் இரத்த அழுத்தம் என்றார். வாசனைதான் தலைக்கு ஏறுகிறது, பழகினால் சுகம் என்றார் இன்னொருவர், மெய்யாகவே அவர்மேல் பொறாமைப்பட்டு. ஒரு கூட்டம் முழுக்க எஞ்சின் தெரிந்த மனிதர்கள். ஒருவருக்கும் குழாயில் துளை இருக்கலாம் என்று தோன்றவில்லை. அந்த வண்டிக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் இருந்தது; தொண்ணூற்றேழு வாங்கிய வண்டி யாரையும் நோகடிக்காது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உருவாக்கியவன் நான் என்பதில் எனக்கு அப்போது சிறு பெருமிதமும் இருந்தது.

காரணம் சூட்டுப்பெட்டிதான் என்று வால்புர்கா மட்டும் யாரையும் நம்பாமல் தானே யோசித்துக் கண்டுபிடித்தார். அக்டோபர் கடைசிக் கூட்டத்தில், பருப்பும் ஸ்பெட்ஸ்லே சேவையும் வந்துகொண்டிருக்கும்போது, துருப்பிடிக்காத இரும்பில் புது ஜோடிச் சூட்டுப்பெட்டிகளுக்குச் சொல்லிவைத்துவிட்டதாக அறிவித்தார். டாக்டர் ஐசெலே கரண்டியைக் கீழே வைத்தார்.

நான் நிதானமாக விளக்கினேன். பெட்டிகளை மாற்றினால் வண்டி 'தொடாதவை' வகுப்பிலிருந்து இறங்கிவிடும். 'பராமரிக்கப்பட்டவை'யில் நாற்பது வண்டிகளோடு நாற்பத்தொன்றாக நிற்கும். அசல் என்பது ஒரு தடவைதான், போனால் போனதுதான்.

"போகட்டும் ரைன்ஹோல்ட். என் காலுக்கு நீ எத்தனை மதிப்பெண் போடுவ?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெட்டிகளை நானே பூட்டித் தருகிறேன் என்று சொன்னேன், உழைப்புக்கு எதுவும் வேண்டாம் என்றும் சொன்னேன். எங்கள் ஊரில் சும்மா கிடைப்பதை மறுக்கும் பெண்மணி இன்னும் பிறக்கவில்லை.

மூன்று நாள் வண்டி என் கொட்டகையில் இருந்தது. முதல் நாள் பெட்டிகளைக் கழற்றினேன். கழற்றும்வரை மாற்றுவதாகத்தான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்றில்லை. கையில் எடுத்தபோது முத்திரையைத் துடைத்துப் பார்த்தேன். எழுத்துகள் நேற்றுக் குத்தியதுபோல் இருந்தன. இரண்டாம் நாள் துளைகளைச் சுரண்டி, புகைக்குழாய்க்குப் பூசும் பசையை வைத்து அடைத்தேன். அந்தப் பசை ஒரு மாதம் தாங்கும், இரண்டு மாதமும் தாங்கலாம். பிறகு சூட்டைத் தாங்கும் வெள்ளிப் பூச்சை அடித்தேன். முத்திரையின் மேல் மட்டும் மெல்லிய காகிதம் ஒட்டிவிட்டு அடித்தேன். பின்னாளில் உரித்து எடுக்க வசதி. மூன்றாம் நாள் பழையவற்றையே திரும்பப் பூட்டினேன். வண்டிக்கான அரசுச் சோதனை மே மாதம்தான். அதற்குள் ஒரு வழி யோசிக்கலாம் என்றிருந்தேன்.

புதியவற்றைச் செய்தித்தாளில் சுற்றி நிலவறை அலமாரியில் வைத்தேன். உங்கள் ஆட்கள் எடுத்தது அவற்றைத்தான். அவை நல்ல வேலைப்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. அசல் இல்லை, அவ்வளவுதான்.

வால்புர்கா வந்து, விளக்கை வாங்கிக் கீழே அடித்துப் பார்த்தார். வெள்ளியாகப் பளபளத்தது. "மோதிரம் மாட்டின மாதிரி இருக்கே. பாத்தியா, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல" என்றார். மதிப்பெண் குறைத்துவிட்டாயா என்று கேட்டார். வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மறுநாள் ஒரு பானை நிறைய, இறைச்சி அடைத்த மௌல்டாஷன் கொழுக்கட்டை கொண்டுவந்து தந்தார். நான் இரண்டு வேளை சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. கொஞ்சம் ஜாதிக்காய் தூக்கல்.

முதல் மூன்று வாரம் தலைவலி இல்லை. சங்கத்தில் அவர் என்னை மந்திரவாதி என்றார். நான் மறுக்கவில்லை, அடக்கமாக இருந்தேன்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு, என் தொலைபேசி ஒலித்தது. அவர் மியூன்சிங்கனில் இருக்கும் தங்கை ஹெட்விக் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மலைச்சாலையில் பனி கொட்டுகிறது, லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதால் வரிசை நகரவில்லை, ஓரமாக வண்டி நிறுத்துமிடத்தில் ஒதுங்கியிருக்கிறேன் என்றார். இந்த உரையாடல் எதைப் பற்றியது என்று நீங்கள் முதல் நாள் கேட்டபோது, கிழங்கு சாலட்டில் வினிகர் எவ்வளவு என்பதைப் பற்றி என்று சொன்னேன். அது சரியில்லை.

"ரைன்ஹோல்ட், மறுபடி தலை கனக்குதுப்பா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. புதுசு மாட்டினா இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

பசை விட்டுவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்தது. சூடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேட்டேன். பாதி என்றார். ஜன்னல் இறக்கிவிட்டிருப்பதாகவும், அதனால் கொஞ்சம் பரவாயில்லை என்றும் சொன்னார். பிறகு சொன்னார்:

"வர்ற வழியில ஒரு பட்டறை பாத்தேன். விளக்கு எரியுது. திருப்பி எறக்கிப் போயி, ஒருக்கா தூக்கிப் பாக்கச் சொல்லவா?"

நான் அவசரப்படவில்லை. என் பதில் முழுவதையும் அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

"எதுக்கு வால்புர்கா? புது இரும்புக்கு மேல எண்ணெய் பூசி அனுப்புவாங்க. அது எரிஞ்சு தீரணும், அதான் வாசனை. இதுவரைக்கும் நீ நின்ன எடத்துல ஓடவிடல, அதான் தீரல. சூட்டை முழுசா தெற. எஞ்சினை அணைக்காத. அரை மணி நேரம் அப்படியே உக்காந்திரு, தானா போயிரும். ஜன்னலை ஏத்திடு. பனி உள்ள விழுந்தா சீட்டுத் துணி கறைபடும்."

அந்த இருக்கைகளின் துணி கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது. அவருடைய அப்பா அந்த வண்டி செய்த தொழிற்சாலையில் இருக்கை தைக்கும் பிரிவில் இருந்தவர். தன் வண்டிக்குத் தானே தைத்துக்கொண்டார். வால்புர்கா எதைக் கேலி செய்தாலும் அந்தத் தையலைக் கேலி செய்ததில்லை. இதை நான் அறிந்திருந்தேன்.

ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றும் சத்தம் கேட்டது. "சரிப்பா. உன்கிட்ட கேட்டாலே பாதித் தலைவலி போயிடுது" என்றார். தங்கையிடம் தாமதமாகும் என்று சொல்லிவிடுகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

எனக்குத் தெரியுமா என்று நீங்கள் நான்கு நாட்களாக ஒவ்வொரு விதமாகக் கேட்கிறீர்கள். எங்கள் தொழிற்சாலை செய்தவை எல்லாம் கொதிகலன் புகையை அளக்கும் கருவிகள். மூடிய இடத்தில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு எந்த அளவு சேர்ந்தால் எத்தனை நிமிடத்தில் மனிதருக்கு என்ன ஆகும் என்ற அட்டவணை என் மேசைக்கு எதிர்ச்சுவரில் முப்பத்தாறு ஆண்டுகள் தொங்கியது. அரை மணி என்று நான் சொன்னது வாய்க்கு வந்த எண் இல்லை.

ஆனால் அவர் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் விரும்பவில்லை. வண்டி அந்தப் பட்டறைக்குப் போகக் கூடாது என்று மட்டும் விரும்பினேன். அங்கே அதைத் தூக்குவார்கள். யாரோ ஒருவன் அழுக்குக் கட்டைவிரலால் வெள்ளிப் பூச்சைத் தேய்ப்பான். காகிதம் உரியும், முத்திரை தெரியும். சிரிப்பான். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும், ஷ்லோட்டர்பெக் அந்தக் கிழவியின் வண்டிக்குப் பூச்சு அடித்து ஏமாற்றினான் என்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் போட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணையும் மறுபடி எண்ண ஆரம்பிப்பார்கள். இதில் என் பெயர் பெரிதில்லை. நான் வண்டிக்காகத்தான் யோசித்தேன். ஏமாற்று வேலை நடந்த வண்டி என்று பெயர் வந்தபின், அதன் தொண்ணூற்றேழை யார் நம்புவார்கள்?

நாலே கால் மணிக்குப் பனி அள்ளும் வண்டிக்காரர் அவரைப் பார்த்திருக்கிறார். எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரே சீராக, என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த வரியை நீங்கள் காட்டியபோது நான் இரண்டு முறை படித்தேன்.

அன்று மாலையே உங்கள் துறையிலிருந்து என்னை அழைத்தார்கள். இந்த மாதிரி வண்டி தெரிந்தவர் வேண்டும், எதையும் உடைக்காமல் வண்டியை லாரியில் ஏற்றி இறக்க வேண்டும் என்றார்கள். சங்கத்திலிருந்து என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். போனேன். அவரை ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள். கதவைத் திறந்து, விளக்கை அடித்து, முதலில் இருக்கைகளைத்தான் பார்த்தேன். நான் சொன்னபடி ஜன்னலைக் கடைசிவரை ஏற்றியிருந்தார். துணியில் ஒரு சொட்டுக் கறை இல்லை.